கடைவாய்ப் பல்லும் கிழட்டு ஆடும்

போன வாரக் கதையில் என் வீட்டுக்காரரை எந்த இடத்தில் விட்டேனோ, அதே இடத்தில்தான் இன்னமும் நிற்கிறார். வாசலில், தோள் துண்டால் கன்னத்தைச் சேர்த்துத் தலையில் ஒரு கட்டு. வலது கன்னம் பணியாரம் மாதிரி உப்பியிருக்கிறது. கேட்டால், "ஒன்னும் இல்ல, வாய்வு" என்கிறார். கன்னத்தில் வாய்வு வந்த முதல் மனிதர் இவர்தான்.

நடுவில் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மணிமேகலை. ஊர் திண்டுக்கல். என் வீட்டுக்காரர் தங்கமுத்து, ஆட்டு வியாபாரி. ஒரே மகன் விக்னேஷ்குமார் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த பெண் லிடியா. பல் டாக்டர். நாகல் நகரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் ஒற்றை நாற்காலி போட்டு வைத்தியம் பார்க்கிறாள்.

அவர்கள் சாமி வேறு, எங்கள் சாமி வேறு என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் குதித்து ஓய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் குதிக்கவில்லை. கோயிலுக்கும் வந்தார், சர்ச்சுக்கும் வந்தார், இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டார். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை மருமகளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "அந்தப் பிள்ளயச் சாப்பிடச் சொல்லு." "அந்தப் பிள்ள வண்டியில காத்து இருக்கான்னு கேளு." அவளும் அதற்குப் பதிலை என்னிடம்தான் சொல்வாள். ஒரே கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும்போது நான் நடுவில் தபால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் மாமனார் மருமகளிடம் கூச்சப்படுவது வழக்கம்தான். நானும் என் மாமனார் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றவள்தான். அதெல்லாம் அந்தக் காலம். இந்தப் பிள்ளை சர்ச் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகள், அப்பாவோடு சரிக்குச் சரி வாயாடி வளர்ந்தவள். பேசாமல் இருப்பதற்கு மரியாதை என்று பெயர் என்று அவளுக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

இந்த லட்சணத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் ஒரு எலும்பைக் கடித்து வைத்தார். ஏற்கெனவே சொத்தையாகிக் கிடந்த கடைவாய்ப் பல். ராத்திரிக்குள் கன்னம் வீங்கிவிட்டது. லிடியா எட்ட நின்றபடியே பார்த்துவிட்டு, "மாமாவுக்குச் சீழ் பிடிச்சிருக்கு அத்தை. மாத்திரை போட்டு வீக்கம் வடியவும் பல்லை எடுத்துரணும். நானே எடுத்துர்றேன்" என்றாள்.

இவர் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "அந்தப் பிள்ளயத் தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லு."

அப்புறம் கிராம்பு, உப்புத் தண்ணீர், நல்லெண்ணெய், கொய்யா இலை என்று வீட்டில் இருந்ததையெல்லாம் வாயில் போட்டு அடக்கிப் பார்த்தாயிற்று. லிடியா கொடுத்த மாத்திரையை, மெடிக்கலில் நான் கேட்டு வாங்கியது என்று பொய் சொல்லித்தான் விழுங்க வைத்தேன். அந்தப் புண்ணியத்தில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. வீம்பு மட்டும் வடியவில்லை.

இன்று வியாழக்கிழமை. அய்யலூர் சந்தை. கன்னத்துக் கட்டோடு கிளம்பி நிற்கிறார்.

நான் அடுப்படிக்குப் போனேன். லிடியா வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அத்தை, இன்னைக்குச் சாயங்காலம் கோயம்புத்தூர் மேடம் போன் பண்ணுவாங்க. வாரேன்னு சொல்லிரப் போறேன்."

கையிலிருந்த காபி டம்ளரை அப்படியே மேடையில் வைத்துவிட்டேன். கோயம்புத்தூரில் அவளுக்குப் பாடம் எடுத்த அம்மா ஒருவர் பெரிய ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இவள்தான் தட்டிக்கழித்து வந்தாள். என் மகன் விக்கிக்குக் கம்ப்யூட்டர் வேலை. எந்த ஊரில் உட்கார்ந்தும் பார்ப்பான். இப்போதுகூட ஆபீஸ் விஷயமாகச் சென்னைக்குப் போயிருக்கிறான்.

"ஏன் ஆத்தா, திடீர்னு?"

"திடீர்னு இல்ல அத்தை. முன்னப் பின்னத் தெரியாத எத்தனையோ பேரு என்னை நம்பி வாயத் திறக்குறாங்க. நம்ம வீட்டு மாமா, வலி தாங்காம செவுத்துல போய் முட்டிக்கிறாரு. ஆனா என் கை மட்டும் படக் கூடாதுங்கிறாரு. அதுக்கு மேல நான் என்னத்தப் புரிஞ்சுக்கணும்?"

"அப்படியெல்லாம் இல்லடி."

"வேற எப்படி அத்தை? சொல்லுங்க."

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக்காயையே பார்த்தாள். "இன்னைக்கு அந்தப் பல்லை எடுத்தாகணும். விட்டா மறுபடி வீங்கும். கழுத்துக்கு இறங்கிருச்சுன்னா ஆஸ்பத்திரியில படுக்கணும். என்கிட்ட வேணாம்னா வேற யார்கிட்டயாவது கூட்டிட்டுப் போங்க அத்தை. எனக்கு வருத்தம் இல்லை."

வருத்தம் இல்லையாம். குரலைக் கேட்டாலே தெரிந்தது. பெண் பிள்ளை இல்லாத வீடு இது. சாயங்காலம் அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்தது மாதிரி இருக்கும். அவளும் விக்கியும் போய்விட்டால், நானும் இந்த வீம்பு பிடித்த மனிதரும் ஆட்டுப் புழுக்கையும்தான் மிச்சம்.

விறுவிறுவென்று சேலையை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"நீ எங்க கெளம்புற?" என்றார்.

"சந்தைக்கு. மொச்சை வாங்கணும்."

"திண்டுக்கல்ல மொச்சை இல்லாமயா அய்யலூருக்கு வார?"

"அங்கதான் நல்லா வேகுமாம். ஏறுங்க."

*

முகமது ரஃபீக் அண்ணன் குட்டியானை லோடு வண்டியோடு தெருமுனையில் காத்திருந்தார். பேகம்பூர்க்காரர். இவரும் அவரும் சேர்ந்துதான் ரொம்ப வருஷமாக வியாபாரம். வயதில் மூத்தவர்தான், இருந்தாலும் இவரை "அண்ணே" என்றும் என்னை "மதினி" என்றும் கூப்பிட்டே பழகிவிட்டார். இரண்டு பேர் உட்காரும் இடத்தில் மூன்று பேர் ஒடுங்கிக்கொண்டோம். வடமதுரை வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பக்கத்திலிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம்.

"வலிக்குதா?"

"இல்லயே."

"அப்பறம் என்ன சத்தம்?"

"டயர்ல காத்து எறங்குது."

ரஃபீக் அண்ணன் ரோட்டைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டார். திரும்பும்போது இவரை நேராக நாகல் நகருக்குக் கொண்டுபோய் அந்த மாடிப்படியில் ஏற்றிவிட வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறேன், மொச்சைக்கு இல்லை.

சந்தையில் இறங்கியதும் கன்னத்துக் கட்டை அவிழ்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். உடனே ஆளே மாறிவிட்டார். ஒரு கிடாயை இழுத்துக் காலுக்கு இடையில் கவ்வினார். தாடையைப் பிடித்தார். கீழுதட்டை மடக்கிப் பல்லைப் பார்த்தார். "ரெண்டு பல்லு. சரி." அடுத்தது. "பால் பல்லு, இன்னும் விழுகல." அடுத்தது. அந்த ஆடு தலையை உதறியது. இவருக்கு வந்ததே கோபம்.

"ஏலே, வாயத் தொறடா. என்னமோ உன்னக் கடிச்சுத் தின்னுறாப்புல. செத்த நேரம்தான. ஒன்னும் பண்ண மாட்டேன், தொற!"

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். அந்த ஆட்டுக்குச் சொல்கிற புத்தி தனக்கு இல்லை. அங்கேயே நின்று கத்தலாமா என்று வந்தது. சந்தையில் அவருக்கு ஒரு மரியாதை இருக்கிறது. தங்கமுத்து பல்லைப் பார்த்து வயதைச் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்காவது கடிக்கிற மாதிரி பல் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஆட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தோள் துண்டை விரித்து, அதற்கடியில் வாங்குகிறவரும் விற்கிறவரும் கைகோத்துக்கொண்டு, விரலைத் தொட்டுத் தொட்டுப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. பிடிக்கவில்லை என்றால் கையை உருவிக்கொள்ளலாம், பேரம் முறிந்தது. கையை இறுக்கிப் பிடித்துவிட்டால் பேரம் முடிந்தது. அதற்கப்புறம் மாற்றிப் பேசுகிற ஆளோடு சந்தையில் ஒருத்தரும் துண்டு விரிக்க மாட்டார்கள்.

ஒருவர் ஒரு கிழட்டு வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வந்தார். இவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னாங்க இது, ஒரு பல்லுகூட இல்ல. எதை வச்சுப் புல்லுத் திங்கும்?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மனிதர் விடுவதாக இல்லை. "சும்மா கையக் குடுங்க அண்ணாச்சி, கேட்டுட்டாவது போங்க" என்று நச்சரித்தார். போனால் போகிறது என்று இவரும் துண்டை விரித்துக் கையை உள்ளே விட்டார். அந்த ஆள் ஏதோ விரலைத் தொட்டார். இவர் கையை உருவப் போகிற நேரம் பார்த்து அந்தக் கடைவாய்ப் பல் சுரீரென்று இழுத்திருக்கிறது.

"ஆத்தாடி!"

வலி உச்சந்தலைக்கு ஏறவும் உள்ளே கிடந்த அந்த ஆளின் கையை நசுக்கிப் பிடித்துவிட்டார்.

"முடிஞ்சது!" என்று அந்த ஆள் சந்தைக்கே கேட்கும்படி கத்தினார். "அண்ணாச்சி கையப் புடிச்சுட்டாரு! எல்லாரும் பாத்தீகள்ல?"

பார்த்தார்கள். சந்தையே பார்த்தது. ஆட்டுப் பல்லைப் பார்த்து ஊருக்கே வயது சொல்கிற தங்கமுத்து, பல் இல்லாத ஆட்டை வாங்கிவிட்டார். வாயைத் திறந்து, 'பல்வலியில் பிடித்துவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஆளே சிரித்துக்கொண்டு விட்டிருப்பார். சொல்வாரா? கயிற்றை வாங்கிக்கொண்டு, ஏதோ ஆசைப்பட்டு வாங்கின மாதிரி அந்த ஆட்டின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. டீக்கடை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"போதும். வண்டியில ஏறுங்க. நேரா லிடியாகிட்டப் போறோம்."

"அதுகிட்டயா? வேணாம் மேகலை."

"ஏன் வேணாம்? அது வேற சாமி கும்புடுதுன்னா? இல்ல, உங்க மகன் உங்களைக் கேக்காமக் கட்டிக்கிட்டான்னா? அந்தப் பிள்ள என்னா பாவம் பண்ணுச்சு? இன்னைக்கு அது கோயம்புத்தூருக்கு வாரேன்னு சொல்லப் போகுது. தெரியுமா உங்களுக்கு?"

அவர் முகம் வெளுத்துப் போனது. "எதுக்கு?"

"உங்க மேல அது கை படக் கூடாதாம்ல. அதுக்குத்தான்."

"எவன் சொன்னான்?" என்று கத்தினார். கத்தியதில் பல் இழுத்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "அது குடுத்த மாத்திரைன்னு தெரியாமயா நான் முழுங்குனேன்? நீ மெடிக்கல்ல வாங்குனேன்னா நான் நம்பிருவேனா?"

நான் திகைத்துப் போனேன். அப்படியானால் வேறு என்னதான் என்று கேட்டேன். மனிதர் ஆட்டைப் பார்க்கிறார், டீ மாஸ்டரைப் பார்க்கிறார், வாயைத் திறக்கக் காணோம். கூடவே வந்து நின்ற ரஃபீக் அண்ணனுக்கே பொறுக்கவில்லை.

"சொல்லிரட்டுமாண்ணே? நீங்க சொல்ல மாட்டீக. மதினி, அண்ணனுக்குப் பயம். அம்புட்டுதான்."

"பயமா?"

"ஒரு தடவை வத்தலக்குண்டுக்கு யாவாரத்துக்குப் போனப்ப பல்லு வலின்னாரு. அங்க ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். நாற்காலியில உக்கார வச்சுக் கழுத்துல பச்சைத் துணியைக் கட்டுனாங்க. பக்கத்து ரூம்ல அந்த மிஷினு 'கிர்ர்ர்'ங்கவும் எந்திரிச்சு ஓடுனாரு பாருங்க! கழுத்துத் துணியோட, செருப்பைக்கூட மாட்டல. பஸ் ஸ்டாண்டுல போய் நின்ன பஸ்ஸுல ஏறிட்டாரு. அது கொடைக்கானல் பஸ்ஸு."

எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. ஒரு தடவை புதுச் செருப்போடும் ஒரு பை பேரிக்காயோடும் வந்து, யாவாரத்துக்காக மலைக்குப் போயிட்டு வந்தேன் என்று சொன்னாரே! அந்தப் பேரிக்காயைத் தெரு முழுக்கக் கொடுத்து, கொடைக்கானல் வரைக்கும் என் வீட்டுக்காரருக்கு வியாபாரம் என்று பெருமை பேசினேனே!

"அட வெக்கங்கெட்ட மனுசா!" என்றேன். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் ஜெயித்தது. "பயம்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? அந்தப் பிள்ளயே பக்குவமாப் பாத்திருக்கும்ல?"

"எப்படி மேகலை சொல்றது?" அவர் குரல் இறங்கிவிட்டது. "வீட்டுக்கு வந்த மருமக. அது முன்னாடி கை நடுங்கிக்கிட்டு உக்காரச் சொல்றியா? வீம்பு புடிச்சவன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும்னு இருந்தேன். பயந்தாங்கொள்ளின்னு நெனச்சிரக் கூடாதுல்ல."

"அது அப்படி நெனைக்கல. நீங்க அதை ஒதுக்குறீகன்னு நெனைக்குது! ரெண்டுல எது பெரிசுன்னு உங்களுக்கே தெரியலையா?"

அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "வாரேன். ஆனா நீ அதுகிட்டச் சொல்லக் கூடாது. ரபீக்கும் சொல்லக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். பண்ணாவிட்டால் வண்டியில் ஏற மாட்டார்.

*

நாகல் நகரில் மருந்துக் கடைக்கு முன்னால் வண்டி நின்றது. இவர் இறங்கினார். மாடிப்படியைப் பார்த்தார். திரும்பி வண்டியைப் பார்த்தார்.

"ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்."

"நான் காட்டுறேன்ணே, நீங்க ஏறுங்க" என்றார் ரஃபீக் அண்ணன்.

"வெயில்ல நிக்குது பாரு."

"நெழல்ல கட்டிர்றேன்ணே."

"அது புது எடம்னா மெரளும்."

"யாரு, ஆடா?" என்று நான் கேட்டேன். அதற்கப்புறம் ஏறினார்.

எங்களைப் பார்த்ததும் லிடியா அப்படியே நின்றுவிட்டாள். காத்திருந்த ஓரிருவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினாள். உதவிக்கு இருக்கிற தீபா நாற்காலியைத் துடைத்தாள். இவர் அதன் நுனியில் உட்கார்ந்தார். சாயச் சொன்னால் சாயவில்லை. ஊசி, குறடு இருந்த தட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். உதட்டை இறுக்க மூடியிருந்தார்.

பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? பிடிக்காத இடத்துக்கு இழுத்து வரப்பட்ட மனிதர் என்றுதான் தோன்றும். லிடியாவுக்கும் அதுதான் தோன்றியது. கையுறையைப் போடாமலேயே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அத்தை, மாமாவுக்கு இஷ்டம் இல்லைன்னா கட்டாயப்படுத்த வேணாம். மதுரை ரோட்டுல பிரின்ஸ்னு ஒரு டாக்டர் இருக்காரு. என்னைவிட சீனியர். நானே போன் பண்ணிச் சொல்லிர்றேன்."

"அந்தப் பிள்ளைக்கு எதுக்குச் சிரமம்னு சொல்லு" என்றார் இவர் ஜன்னலிடம்.

"சிரமம் ஒன்னும் இல்லைன்னு சொல்லுங்க அத்தை."

எனக்கு இரண்டு பேர் மண்டையையும் பிடித்து முட்டவிடலாமா என்று வந்தது. 'அது பயம்டி, வெறும் பயம்' என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சத்தியம் செய்து தொலைத்திருக்கிறேனே! லிடியா போனை எடுத்து அந்த பிரின்ஸ் டாக்டரின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். அந்தப் போன் போய்விட்டால், அடுத்த போன் கோயம்புத்தூருக்குத்தான்.

"ஏ பிள்ள."

இவர்தான். லிடியா என்னைப் பார்த்தாள், நான் பதில் சொல்வேன் என்று. என்னைக் கூப்பிட்டது இல்லை அது. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து அவள் முகத்தை அவர் நேராகப் பார்த்து நான் பார்த்தது அன்றுதான்.

தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மடியில் விரித்தார். வலது கையை அதற்கடியில் விட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன அத்தை? மாமாவுக்குக் குளிருதா?"

"இல்ல ஆத்தா. உன் கைய உள்ள விடு. சந்தையில இப்படித்தான் பேசுவாக. மத்த ஆளுக்குத் தெரியாமப் பேசணும்னா துண்டுக்குள்ள பேசுறது. இஷ்டம் இல்லைன்னா கைய உருவிக்கலாம், பேரம் முறிஞ்சிரும். இறுக்கிப் புடிச்சா முடிஞ்சது. உங்கிட்ட என்னமோ சொல்லணுமாம்."

அவள் தயங்கினாள். அப்புறம் பக்கத்தில் வந்து கையைத் துண்டுக்கு அடியில் விட்டாள்.

முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துண்டைப் பார்த்தாள். துண்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஃபேன் தூரத்தில்தான் ஓடியது. அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி துண்டைப் பார்த்தாள். உள்ளே அந்தக் கை எப்படி நடுங்கியிருக்கும் என்று எனக்கு அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"மாமா," என்றாள், தீபாவுக்குக்கூடக் கேட்காத குரலில். "பயமா இருக்கா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். உள்ளே ஏதோ ஒரு விரல் அமுங்கியிருக்க வேண்டும்.

"அம்புட்டுப் பயமா?"

மறுபடி அமுக்கியிருப்பார் போல. அவள் உதடு துடித்தது.

"அப்போ... என் கை படக் கூடாதுன்னு இல்லையா?"

"ச்சீ! என்ன பேச்சுப் பேசுற நீயி!" என்றார் என் வீட்டுக்காரர்.

நேராக. அவளிடம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை நாளாகத் தவித்துக்கொண்டிருந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அழுகை ஒரு பக்கம், இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்ற எரிச்சல் இன்னொரு பக்கம்.

லிடியா கையை எடுத்துக் கழுவிக் கையுறை போட்டுக்கொண்டாள். இப்போது அவள் டாக்டர்.

"அத்தை, நீங்க இந்தப் பக்கம் வந்து துண்டுக்குள்ள மாமா கையைப் பிடிச்சுக்கங்க. மாமா, எப்ப வேணாம்னு தோணுனாலும் ஒரு விரலை அமுக்குங்க. அத்தை சொல்லுவாங்க. நான் அந்த நிமிஷமே நிறுத்திருவேன். ஏன்னு கேக்க மாட்டேன். அந்தக் கிர்ர் மிஷினு இதுக்குத் தேவையே இல்லை."

மிஷினைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. சத்தியமாக நான் சொல்லவில்லை. அவளாகவே தெரிந்துகொண்டாள்.

அப்புறம் நான் பட்ட பாடு! அவள் விளக்கைப் போட்டாள், விரல் அமுங்கியது. "நிறுத்து" என்றேன். அணைத்தாள். கண்ணாடியை எடுத்தாள், அமுக்கினார். "நிறுத்து." கீழே வைத்துவிட்டுக் கையை விரித்துக் காட்டினாள். தீபா தும்மினாள், அதற்கும் அமுக்கினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த விரலையே ஒடித்திருப்பேன். லிடியா ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நிறுத்தினாள். நிறுத்துவாளா என்று சோதித்துச் சோதித்து, நிறுத்துகிறாள் என்று தெரிந்த பிறகு அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஊசி போடும்போது என் கையை நசுக்கினார். அதற்கப்புறம் மரத்துப்போனது.

"எடுத்தாச்சு மாமா."

"எப்போ?" என்று கேட்க வாயெடுத்தார். அவள் பஞ்சை உருட்டி உள்ளே வைத்துவிட்டாள்.

"நல்லாக் கடிச்சுக்கங்க. செத்த நேரம் பேசக் கூடாது."

நல்ல வேடிக்கை! இத்தனை மாதமும் பேச வாய் இருந்தபோது பேசாமல் இருந்தார். இப்போது மருமகளிடம் என்னவோ சொல்லத் தவிக்கிறார், வாய் நிறையப் பஞ்சு.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்தோம். லிடியா அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "சூடா எதுவும் சாப்பிடக் கூடாது மாமா. இந்தப் பக்கம் கடிக்கக் கூடாது. மேல இன்னும் ரெண்டு பல்லு சொத்தை ஆரம்பிச்சிருக்கு, அதையும் பாக்கணும்." சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். யார் பார்ப்பது என்று சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் பயமாக இருந்தது.

இவர் துண்டை எடுத்து மறுபடி மடியில் விரித்தார்.

இந்தத் தடவை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவளாகவே கையை உள்ளே விட்டாள். துண்டு ஆடவில்லை. இவர் ஏதோ விரலைத் தொட்டார். அவள் தலையை ஆட்டினாள். மறுபடி தொட்டார். அவள் சிரித்தாள். "அதெல்லாம் முடியாது மாமா" என்றாள். என்ன முடியாது? இவர் இடது கையால் மேல்பல்லையும் அவளையும் காட்டிவிட்டு இன்னொரு தடவை தொட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன கேக்குறாரு ஆத்தா?" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே அந்தக் கிழட்டு ஆடு கத்திக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து போன் மணி அடித்தது. தீபா போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, கோயம்புத்தூர் மேடம்."

லிடியா எழுந்திருக்கப் போனாள். பாதி எழுந்தவள் துண்டைப் பார்த்தாள். அவர் இறுக்கிப் பிடித்திருக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. சும்மா வைத்திருந்தார். உருவிக்கொள்வதாக இருந்தால் அவள்தான் உருவிக்கொள்ள வேண்டும். பஞ்சைக் கடித்தபடி, சந்தையில் காத்திருப்பது போலவே அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். இடது கையால் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"வணக்கம் மேடம்... ஆமா மேடம், இன்னைக்குச் சொல்றேன்னு சொன்னேன். நானே திரும்பக் கூப்பிடுறேன் மேடம். இல்ல மேடம், இப்பக் கைய எடுக்க முடியாது."